காலால் பிறக்காத குற்றம்

நோயாளியின் கையை நோயாளியே தூக்கும்படி கெஞ்சிக் கூத்தாடுகிற தொழில் எங்களுடையது. எழுந்து நடந்துவிட்டால் பெயர் சாமிக்கு, நடக்காவிட்டால் பழி எங்களுக்கு.

இதை வாசிக்கிறவர்களில் பிசியோதெரபி படித்து மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாம் ஒரே படகில் தத்தளித்தவர்கள். மற்றவர்களும் உட்காரலாம், முதுகை மட்டும் நேராக வைத்துக்கொள்ளுங்கள். பழக்கதோஷம், சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் படித்தது அறுபதுகளில். அப்போது கோயமுத்தூரில் இந்தப் படிப்பின் பெயரைத் தடுமாறாமல் சொல்லக்கூடியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அதிலும் கட்டை விரல் மிச்சமிருக்கும்.

என்ன படிப்பு அது?

எங்கள் ஊர் பல்லடத்துக்குப் பக்கம். அப்பாவுக்குப் பெண்ணைப் படிக்க வைக்க ஆசை. பெரியப்பாவுக்கு என்னைக் கட்டிக் கொடுக்க ஆசை. பி.யூ.சி. முடித்ததும் எனக்குப் பம்பாயில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. அதே வாரத்தில் பெரியப்பாவுக்கு அரிசி மில் வைத்திருந்த ஒரு மாப்பிள்ளை கிடைத்தார். அப்பா நடுவில் நின்று ஒரு தீர்ப்புச் சொன்னார்: மூன்று வருடம் படிக்கலாம், தேறிவிட்டால் இந்தச் சம்பந்தம் வேண்டாம், ஆனால் ஒரே ஒரு தடவை பெயிலானாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து மணவறையில் உட்கார வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரும் காத்திருக்கச் சம்மதித்தார்கள். மூன்று வருடம் காத்திருக்கச் சம்மதிக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு வேறு யாரும் பெண் கொடுக்கவில்லை என்று அர்த்தம். அது அப்போது எனக்கு மட்டும்தான் புரிந்தது.

அப்பா படிப்பின் பெயரை ஒரு வாரம் சொல்லிப் பழகிப் பார்த்தார். வாயில் நுழையவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் டாக்டருக்குப் பக்கத்துப் படிப்பு என்று சொல்லத் தொடங்கினார். பெரியப்பா லேசில் விடுகிறவரா? பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் கையை மடக்கி, காலை நீட்டி, விழுந்தவர்களை எழுப்பி நடக்க வைக்கிற படிப்பு என்று அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"ஏங்கண்ணு, கையக் கால நீவி உடறதுக்கு நம்மூர்லயே ஒரு ஆள் இருக்கறான். அவனை என்ன பம்பாய்க்கு அனுப்பியா படிக்க வெச்சோம்?"

பெட்டிக்குள் யார்?

முதல் வருடம் முழுவதும் எலும்பு, தசை, நரம்பு. எலும்பைப் புத்தகத்தில் படித்தால் மண்டையில் ஏறாது, கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். விடுமுறை முடிந்ததும் பரீட்சை என்பதால் கல்லூரியிலேயே ஆளுக்கொரு எலும்புப் பெட்டி கொடுத்து அனுப்பினார்கள். ரயிலில் அதை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, இரண்டு நாளும் அதன்மேல் காலை வைத்துக்கொண்டு வந்தேன். எதிரில் இருந்த அம்மாள் என்ன பலகாரம் என்று கேட்டதற்கு, பம்பாய்ப் பலகாரம் என்று சொல்லி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து தொடை எலும்பையும் இடுப்பு எலும்பையும் பாயில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அம்மா மோர் கொண்டு வந்தாள். அலறவில்லை. அம்மா அலறுகிற ஜாதி கிடையாது. நிஜ எலும்பா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஆணா பெண்ணா என்று கேட்டாள். எனக்கு ஒரே பெருமை, இடுப்பு எலும்பின் அகலத்தைக் காட்டிப் பெண்தான் என்று நிரூபித்தேன். மோரைக் கீழே வைக்காமலேயே, பெட்டி இனி வீட்டுக்குள் வரக் கூடாது என்று உத்தரவு போட்டாள். அந்த விடுமுறை முழுவதும் மாட்டுக்கு அடுக்கி வைத்த சோளத்தட்டுப் போருக்குப் பக்கத்தில், கன்றுக்குட்டிக்கு முன்னால் உட்கார்ந்து படித்தேன். இருநூற்றாறு எலும்புக்கும் பெயர் சொல்லத் தயாராக இருந்தேன். ஆனால் அன்று அம்மா கேட்ட கடைசிக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை:

"எலும்பு இருந்துட்டுப் போகுது கண்ணு. எந்தச் சாதிக்காரியோடதுன்னு கேட்டு வாங்குனயா?"

நடை பார்த்தல்

கடைசி ஆறு மாதம் பயிற்சி. கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி அறை ஒன்று புதிதாகத் திறந்திருந்தார்கள். நான் அந்தப் பக்கத்துப் பெண் என்பதால் என்னை அங்கே அனுப்பினார்கள். சின்னம்மா வீட்டில் தங்கினேன். பம்பாயிலிருந்து புறப்படும்போது எங்கள் ஆசிரியை ஒரு வேலை கொடுத்திருந்தார். ஒருவர் நடப்பதைப் பார்த்தே அவருக்கு எந்தத் தசை சரியில்லை என்று சொல்லத் தெரிய வேண்டும், அதற்காகத் தெருவில் போகிறவர்களில் முப்பது பேருடைய நடையைக் கவனித்து நோட்டில் எழுதி வர வேண்டும். பம்பாயில் இதைச் செய்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இருபது வயதுப் பெண் ஒருத்தி கையில் நோட்டோடு, குனிந்த தலை நிமிராமல் ஆண்களின் காலையே பார்த்துக்கொண்டு கோயமுத்தூர்க் கடைவீதியில் பின்தொடர்ந்து போனால் என்ன ஆகும் என்று ஆசிரியைக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒரு குடும்பத்தின் மானத்தை வாங்க இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

ஒருநாள் ஒப்பணக்காரத் தெருவில் அருமையான நொண்டல் ஒன்று கண்ணில் பட்டது. நாற்பது வயதுக்காரர், வெள்ளை வேட்டி. வலது காலை இழுத்து, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, பாடப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்தவர்போல நடந்தார். இரண்டு தெரு அவர் பின்னாலேயே போனேன். 'இடுப்புத் தசை பலவீனம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அவர் மூன்று முறை திரும்பிப் பார்த்தார். நான்காவது முறை நின்றுவிட்டார். காலில் கிடந்த இரண்டு செருப்பையும் கழற்றி என் முன்னால் ஜோடியாக வைத்துவிட்டு, இரண்டு காலிலும் ஒழுங்காக நின்றபடி சொன்னார்:

"ஏனுங்க அம்மணி, கோயல் வாசல்ல மாத்திப் போட்டுட்டு வந்துட்டனாட்ட இருக்குது. காலே உள்ள போக மாட்டேங்குது. உங்க ஊட்டுக்காரருதுன்னா எடுத்துக்கங்க, அதுக்காக இவ்வளவு தூரம் நடக்கோணுமுங்களா?"

விளக்கு

ஆஸ்பத்திரியில் எங்கள் அறையின் சொத்து இவ்வளவுதான்: பிடித்து நடக்க இரண்டு கம்பி, சுவரில் ஒரு சக்கரம், கொஞ்சம் கயிறு, மணல் பை, சூடு கொடுக்கிற ஒரு சிவப்பு விளக்கு. ஜனங்களுக்கு அந்த விளக்கின் மேல் உயிர். அதற்குக் கரண்டு என்று பெயர். கரண்டு வைத்துக்கொள்ளக் காலையிலேயே வரிசையில் வந்து உட்கார்வார்கள், வைத்து முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சூடு தசையை இளக்குவதற்குத்தான், அதற்குப் பிறகு செய்கிற பயிற்சிதான் வைத்தியம் என்று நான் வாசல் வரை ஓடிப்போய்ச் சொல்வேன். பாவம் சின்னப் பெண், ஏதோ சொல்கிறது என்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

அந்த அறையைப் பெருக்கித் துடைத்து, நோயாளிகளைப் பிடித்து உட்கார வைக்கிற வேலை தாயம்மாவுக்கு. அறை புதிது என்றாலும் ஆஸ்பத்திரியில் அவள் பத்து வருட அனுபவசாலி, எல்லா டாக்டர்களையும் எடை போட்டு வைத்திருந்தவள். நான் தொண்டை வற்றக் கத்திவிட்டு வந்து உட்கார்ந்த ஒருநாள், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாள்:

"எழுதிக் குடுக்கறவரு டாக்டரு, நோவப் போக்கறது கரண்டு. நடுவால நீங்க எதுக்குங்க அம்மணி?"

முதலாளியின் தோள்

ஒரு மில் முதலாளிக்குத் தோள் இறுகிவிட்டது. கை தலைக்கு மேலே போகாது. முதல் நாள் காரில் நாலு பேரோடு வந்தார். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் ஏறி ஏறி இறங்க வேண்டும், தினமும் ஐம்பது முறை என்று சொல்லிக் கொடுத்தேன். தன் ஜென்மத்தில் முதல் தடவையாகச் சுவரைப் பார்த்து நிற்க வைக்கப்பட்டவர் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பத்து முறை செய்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாள் ஒல்லியாக ஒருவர் வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்று, விரலால் ஏற ஆரம்பித்தார். புது நோயாளி என்று நினைத்தேன். மூன்று நாள் கண்ணும் கருத்துமாகச் சொல்லிக் கொடுத்தேன். இவ்வளவு சொன்னபடி கேட்கிற நோயாளியை நான் கண்டதில்லை. தோளும் பிரமாதமான தோள், ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் இடித்தது. நான்காம் நாள் சீட்டை வாங்கிப் பார்த்தால் அது முதலாளியின் சீட்டு. இவர் மில் கணக்குப்பிள்ளை. நான் சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டியபோது, அவர் சுவரிலிருந்து கையை எடுக்காமலேயே விளக்கம் சொன்னார்:

"மொதலாளிக்கு நேரமில்லீங்க. மத்த வேலையெல்லாம் அவருக்கு நாங்கதான் செய்யறமுங்க, இதையும் செஞ்சுபோடறேன். தோள் எப்பச் சரியாகுமுன்னு மட்டும் சொல்லுங்க, போய் அவருகிட்டச் சொல்லிப்போடறேன்."

மாரப்பன் காணாமல் போனார்

இனி விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சி முடிகிற வாரம் பம்பாயிலிருந்து ஆசிரியையே வந்து பரீட்சை வைப்பார். நான் ஒருத்தியாகவே முதல் நாளிலிருந்து வைத்தியம் செய்த ஒரு நோயாளியை அவர் முன்னால் நிறுத்த வேண்டும். தேறினால் சான்றிதழ், தேறாவிட்டால் அரிசி மில்.

என் நோயாளி மாரப்பன். மதுக்கரையில் சிமென்ட் மூட்டை தூக்குகிறவர். இடுப்புப் பிடித்துக்கொண்டு பலகைபோல விறைத்து வந்தார். குனியச் சொன்னால் விரல் முழங்காலோடு நின்றுவிடும். விரல் நுனிக்கும் தரைக்கும் நடுவில் டேப் வைத்து அளந்தேன், இருபத்திரண்டு அங்குலம். மேஸ்திரி அவருக்காக மாதக் கடைசி வரை இடம் வைத்திருந்தார். அதற்குள் குனிந்து மூட்டையைத் தூக்கவில்லை என்றால் வேலை இன்னொருவருக்கு. இரண்டு பேருடைய பிழைப்பும் அந்த டேப்பில் தொங்கியது. ஐந்து வாரத்தில் இருபத்திரண்டு பதினைந்தாயிற்று, பதினைந்து ஏழாயிற்று. நான் கட்டம் போட்ட தாளில் கோடு வரைந்துகொண்டே வந்தேன். எந்த மனிதரின் அங்குலத்துக்கும் நான் அதற்குப் பிறகு அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

பரீட்சைக்கு ஐந்து நாள் இருக்கும்போது மாரப்பன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் தாயம்மா விசாரித்துக்கொண்டு வந்தாள். காரமடைப் பக்கம் காலால் பிறந்த ஒருவர் இருக்கிறாராம், அவரிடம் போயிருக்கிறாராம். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் தலை முன்னால் வரப் பிறப்பது வழக்கம். கால் முன்னால் வரப் பிறந்தவர் இடுப்பில் ஒரு உதை விட்டால் எந்தப் பிடிப்பும் விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை காலை, வெறும் வயிறு, முதுகைக் காட்டி நிற்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. உதைக்கிறவர் வேறு எதுவும் படித்திருக்க வேண்டியதில்லை. நான் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு மணல் பை மேல் உட்கார்ந்து அழுதேன். இன்றைக்கு எனக்கே சிரிப்பு வருகிறது, அன்றைக்கு நிஜமாகவே அழுதேன். தாயம்மாவுக்கு மனசு பொறுக்கவில்லை. பக்கத்தில் வந்து ஆறுதல் சொன்னாள்:

"உங்க மேல ஒரு கொறையும் சொல்லலீங்க அவரு. அம்மணி நல்லாத்தான் செய்யுது, காலால பொறக்காததுக்கு அது என்ன பண்ணுமுன்னு சொல்லீட்டுத்தான் போனாரு."

பரீட்சை

ஆசிரியை வந்தார். மூன்று வருடத்தில் நான் அவர் சிரித்துப் பார்த்ததில்லை. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நோயாளி எங்கே என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லி, கட்டத் தாளை நீட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், நான் வாசலைப் பார்த்தேன். பத்து மணிக்கு மாரப்பன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு உள்ளே வந்தார். நிமிர்ந்து வந்தார். குனியச் சொன்னதும் இரண்டு உள்ளங்கையையும் தரையில் வைத்தார். என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. ஆசிரியை தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துத் தலையை அசைத்தார். இதோடு விட்டிருக்கலாம். எது அதிகமாக உதவியது என்று நோயாளியையே கேள் என்றார்.

கேட்டேன். உதைதான் என்று மாரப்பன் சபையறியச் சொன்னார். தாயம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் இங்கிலீஷில், அனுபவமுள்ள ஒருவர் இடுப்பில் ஒரே ஒரு முறை கொடுத்த அழுத்தம் என்று மொழிபெயர்த்தேன். அதில் பொய் ஒன்றுமில்லை, உண்மையும் அவ்வளவாக இல்லை. ஆசிரியையின் முகம் மலர்ந்தது. அது என்ன முறை, செய்து காட்டு என்றார். செய்து காட்டச் சொல்கிறார்கள் என்று மாரப்பனிடம் சொன்னேன். அவர் உடனே திரும்பி, சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

மாரப்பனின் முதுகு ஒரு பக்கம், ஆசிரியை ஒரு பக்கம், நடுவில் புடவையோடு நான். எனக்கு அரிசி மில்லின் தவிட்டு வாசனையே வந்துவிட்டது. இனி மறைத்துப் புண்ணியமில்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: பிறந்த விதம், கால், ஞாயிற்றுக்கிழமை, வெறும் வயிறு. ஆசிரியை கட்டத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னார். இந்த ஐந்து நாளும் பயிற்சிகளைச் செய்தாரா? மாரப்பனுக்குக் கோபமே வந்துவிட்டது. காலையும் சாயங்காலமும் தவறாமல் செய்ததாகவும், அம்மணி சொன்னதை விட்டுவிடாதே என்று உதைத்தவரே சொல்லி அனுப்பியதாகவும் சொன்னார். அதை மட்டும் ஒரு எழுத்து விடாமல் மொழிபெயர்த்தேன். ஆசிரியை தேறினாள் என்று எழுதினார். நோயாளிக்கு நடந்தது எதையும் மறைக்கக் கூடாது என்று சொல்லி, என் கையாலேயே சிகிச்சைப் பட்டியலில் கடைசி வரியாக 'உதை, ஒன்று' என்று எழுத வைத்தார். விஷயம் தெரிந்து மாரப்பன் வாழைப்பழத்தை என் கையில் கொடுத்தார். அவருக்கு என் மேல் இரக்கம்தான் அதிகம்:

"தேறுனது சந்தோசமுங்க அம்மணி. இருந்தாலும் பொறக்கறப்பவே கொஞ்சம் திரும்பிப் பொறந்திருந்தீங்கன்னா, இந்த மூணு வருசமும் மிச்சமுங்களே."

புது நோயாளி

அப்பா சொன்ன சொல் தவறவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பி வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பெரியப்பா ஆறு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை, அது தனி லாபம். அதே ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. மாரப்பன் மூட்டை தூக்கப் போய்விட்டார், இடம் போகவில்லை.

வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதம் மாரப்பன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஐம்பது வயது, வாட்டசாட்டமான ஆள், வலது இடுப்பைச் சாய்த்து நொண்டினார். அடிபட்ட அனுபவம் இருந்ததால் முதலில் செருப்பைப் பார்த்தேன். அவருடைய செருப்புத்தான். தொழில் என்ன என்று கேட்டேன், விவசாயம் என்றார். மாரப்பன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே காலில் நின்று செய்கிற வேலை ஏதாவது உண்டா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். முப்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முப்பது பேரை இடது காலால் உதைத்திருக்கிறார், அத்தனை நாளும் பாரத்தைத் தாங்கியது இந்த வலது இடுப்பு. பிறவி வைத்தியருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்டும்விட்டேன். அவர் சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"ஊருக்கெல்லாம் உதைச்சுப்போட்டனுங்க அம்மணி. எனக்கு நோவுன்னா, என்னைய நானே எப்படீங்க உதைச்சுக்கறது?"

ஆறு வாரம் என் பேச்சைக் கேட்டுப் பயிற்சி செய்து அவர் நொண்டாமல் நடந்து போனார், பழி எனக்கு வராமல் தப்பியது, பெயர் மட்டும் வழக்கம்போலக் காரமடைப் பெருமாளுக்குப் போய்ச் சேர்ந்தது.